தூத்துக்குடி ரோட்டில் ஒரு ரோமானிய எண்!

தூத்துக்குடியில் காரை எடுத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் மதுரை. நான்குவழிச் சாலை. புதூர் பாண்டியாபுரம் டோல்கேட்டில் வரிசை இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம். உப்பு லாரிகளையும் கன்டெய்னர் லாரிகளையும் தாண்டிவிட்டால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்க வேண்டியதே இல்லை. 'நேராகச் செல்லவும்' என்று செல்போனில் இருக்கும் பெண் குரல் சொல்லிக்கொண்டே வரும்.

இடது ஓரத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றாக, மஞ்சள் தலையும் வெள்ளை உடம்புமாகக் கற்கள் நிற்கின்றன. அவற்றை யார் பார்க்கிறார்கள்? பின் சீட்டில் உட்கார்ந்து 'இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?' என்று நச்சரிக்கும் குழந்தைகூட இப்போது திரையைத்தான் பார்க்கிறது.

இந்தக் கற்களுக்கும் முன்னால் இதே வழித்தடத்தில் வேறு கற்கள் நின்றன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு இறங்கும் பழைய சாலையோரத்தில், ஆங்கிலேயர் காலத்து மைல்கற்கள் சிலவற்றைத் தொல்லியல் ஆர்வலர்கள் தேடிப்பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். புதுக்கோட்டை - தஞ்சாவூர் சாலையிலும் அப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. தூரத்தை ரோமன் எண்ணில் ஒரு முறை, தமிழ் எண்ணில் ஒரு முறை என்று இரண்டு விதமாகப் பொறித்திருக்கிறார்கள்.

ஒரே கல், ஒரே தூரம். எதற்காக இரண்டு எண்கள்?

அந்தச் சாலையில் இரண்டு வகை ஆட்கள் போனார்கள் என்பதுதான் பதில். குதிரையில் போன கலெக்டருக்கும் பட்டாள அதிகாரிக்கும் ரோமன் எண். கணக்குப்பிள்ளைக்கும், கடைக்காரருக்கும், திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய சம்சாரிக்கும் தமிழ் எண். ஒரு மைல்கல்லைப் பார்த்தால் ஊர் எவ்வளவு தூரம் என்பது மட்டுமல்ல, அந்தச் சாலையை யாருக்காகப் போட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

படித்துப் பாருங்கள்

ரோமன் எண்ணில் 23 எழுதுவது எப்படி? பத்துக்கு ஒரு 'எக்ஸ்'. இரண்டு பத்துக்கு இரண்டு 'எக்ஸ்'. பக்கத்தில் மூன்று நேர்க்கோடுகள். அவ்வளவுதான். கடிகார முகத்தில் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு என்று பள்ளிக்கூடக் கதவில் எழுதியிருப்பதிலும் பார்த்திருப்பீர்கள். எல்லாமே கோடுகள் என்பதால் கல்தச்சரின் உளிக்கும் சுலபம்.

இப்போது அதே 23-ஐப் பழைய தமிழ் முறையில் எழுதினால் ௨௰௩. முதலில் இரண்டு, அடுத்து பத்தைக் குறிக்கும் ௰, கடைசியில் மூன்று. 'இரண்டு பத்து மூன்று' என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதியதுபோல. இருபத்து மூன்று என்ற சொல்லே அப்படித்தானே இருக்கிறது! பிற்காலத்தில் ௰-ஐ விட்டுவிட்டு ௨௩ என்று சுருக்கமாகவும் எழுதினார்கள்.

தமிழ் எண்களைப் படிக்கப் பெரிய பாடம் எதுவும் வேண்டாம். ஒன்று ௧, பார்க்க 'க' மாதிரி. இரண்டு ௨, அப்படியே பிள்ளையார் சுழி 'உ'. ஏழு ௭ என்பது 'எ'. எட்டு ௮ என்பது 'அ'. நான்கு ௪, கொஞ்சம் 'ச' போல. மீதி ஐந்தாறு எண்களை ஒரு மதியத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். மொரீஷியஸ் நாட்டின் ரூபாய் நோட்டுகளில் இந்தத் தமிழ் எண்கள் அச்சாகி இன்றும் புழங்குகின்றன. நம் சட்டைப் பையில் இருக்கும் நோட்டில் அவை கிடையாது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்நியருக்காக வெட்டிய எண்ணை இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தடுக்காமல் படிக்கிறது. நமக்காக வெட்டிய எண்ணைப் படிக்கத்தான் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆயிரம் அடிகள்

'மைல்' என்ற சொல்லே ரோமாபுரியில் இருந்து கிளம்பி வந்ததுதான். லத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். ரோமானியப் படைவீரன் இடது காலை எடுத்து வைத்து, வலது காலை வைத்து, மீண்டும் இடது காலை ஊன்றினால் அது ஒரு கணக்கு. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு மைல். இன்றைய அளவில் கிட்டத்தட்ட 1,480 மீட்டர். ஆங்கிலேயர் அதை இழுத்து 1,609 மீட்டர் ஆக்கினார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் 'ரெண்டு மைல் நடந்துதான் பள்ளிக்கூடம் போனோம்' என்று சொல்லும்போது, தெரியாமலேயே ஒரு ரோமானியச் சிப்பாயின் காலடியை எண்ணுகிறார்கள்.

ரோமானியர்கள் சாலை போடுவதில் கெட்டிக்காரர்கள். கி.மு. 312-ல் தொடங்கிய அப்பியன் சாலையின் கல் பாவிய பகுதிகளில் இன்றும் மக்கள் நடக்கிறார்கள். அவர்களுடைய மைல்கல் நம்முடையதைப் போல முழங்கால் உயரக் கல் அல்ல. பல இடங்களில் ஆளுயரத்தையும் தாண்டிய உருண்டைத் தூண். அதில் முதலில் பேரரசரின் பெயர், அவருடைய பட்டங்கள், அவர் எத்தனையாவது முறையாக என்ன பதவி வகிக்கிறார் என்ற விவரம் எல்லாம் வரிசையாக வரும். தூரம் கடைசியில், ஒரு சின்ன எண்ணாக. வழி கேட்டு வந்தவன் முழுப் புகழ்ச்சியையும் படித்து முடித்த பிறகுதான் ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள முடியும். நம் ஊர் நிழற்குடைகளில் நன்கொடையாளர் பெயர் பெரிதாகவும் பேருந்து நிறுத்தத்தின் பெயர் சிறிதாகவும் இருக்குமே, அந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம்!

அகஸ்டஸ் சீசர் கி.மு. 20-ல் ரோம் நகரின் நடுவே 'தங்க மைல்கல்' என்று ஒன்றை நிறுத்தினார். அதே அகஸ்டஸைத் தேடி, இந்தியாவிலிருந்து பாண்டியன் என்ற மன்னன் அனுப்பிய தூது வந்ததாக ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் குறிப்பிடுகிறார். பாண்டிய நாட்டிடம் ரோமாபுரிக்குப் பிடித்த சரக்கு ஒன்று இருந்தது. முத்து.

கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் கையேடு 'பெரிப்ளஸ்'. பாண்டிய அரசின் கீழ் உள்ள கொற்கையில் முத்துக் குளிக்கிறார்கள் என்றும், தண்டனை பெற்ற கைதிகளை அந்த வேலையில் இறக்குகிறார்கள் என்றும் அது சொல்கிறது. அழகான பொருளுக்குப் பின்னால் இருந்த அழகில்லாத செய்தி அது. இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிடம் இருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று பிளினி புலம்பியதும் அந்த நூற்றாண்டில்தான்.

ரோமின் சாலை இந்தப் பக்கம் வரவில்லை. அதன் மைல்கல்லும் வரவில்லை. பணம் வந்தது. 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலான காசுகளில், பேரரசரின் தலை மீது உளியால் ஒரு வெட்டு! இனி இது காசாகப் புழங்க வேண்டாம், தங்கமாக மட்டும் எடைபோட்டால் போதும் என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தன் நாட்டில் மைலுக்கு மைல் கல்லில் பெயர் பொறித்துக்கொண்ட சக்கரவர்த்திகளுக்கு நம் பக்கத்தில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

குழிகள் சொன்ன தூரம்

அப்படியானால் நம் ஊரில் மைல்கல் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா? இல்லை. அதற்குத் தருமபுரிப் பக்கம் போக வேண்டும்.

அங்கே கி.பி. 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தூரக் கற்கள் கிடைத்திருக்கின்றன. கல்லில் சாலையின் பெயர் இருக்கிறது: அதியமான் பெருவழி. போகும் இடத்தின் பெயர் இருக்கிறது: நாவல் தாவளம். தாவளம் என்றால் வணிகக் கூட்டங்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு, சரக்கை இறக்கித் தங்கும் இடம். அதற்கு இன்னும் எத்தனை காதம் என்ற கணக்கும் இருக்கிறது. 'காத தூரம் ஓடினான்' என்கிறோமே, அந்தக் காதம்தான். காதத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். பத்து மைல் என்று அகராதிகளில் பார்க்கலாம். 'ஏழரை நாழிகை வழி' என்று நடக்கும் நேரத்தை வைத்துச் சொல்வதும் உண்டு.

இதுவரை சாதாரணம். அந்தக் கற்களின் சிறப்பு, எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழிகள். கல்லில் கிண்ணம்போலச் சில பெரிய குழிகளும் சில சின்னக் குழிகளும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்துக் காதம். சின்னக் குழி ஒன்று ஒரு காதம். 27 காதம் என்றால் இரண்டு பெரிய குழி, ஏழு சின்னக் குழி. படிக்கத் தெரிந்தவர் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம். தெரியாதவர் குழியை எண்ணிக்கொள்ளலாம். இருட்டிவிட்டதா? விரலால் தடவியே எண்ணிவிடலாம்!

ஒரு நிமிடம் இதை யோசித்துப் பாருங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால், பாரவண்டி ஓட்டி வருகிறவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதை ஒரு குறையாக நினைக்காமல், அவனுக்கும் தூரம் தெரிய வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அதற்காகக் கல்தச்சரிடம் இன்னும் அரைநாள் வேலை வாங்கியிருக்கிறார். ரோமானியத் தூணில் இதைப் பார்க்க முடியாது. இன்றைய பச்சை நிறப் பெரிய பலகையிலும் கிடையாது.

ரோமன் எண்ணும், ௰ போட்டு எழுதும் தமிழ் எண்ணும், தருமபுரியின் குழியும் மூன்று வழிகள் போலத் தெரிந்தாலும் யோசனை ஒன்றுதான். பத்துக்குத் தனி அடையாளம், ஒன்றுக்குத் தனி அடையாளம். பூஜ்யம் தேவையே இல்லை.

கோவைக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூர் பக்கத்துக் குன்றில் இருக்கும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இதைவிட மூத்தது. சோழன் முதலாம் ஆதித்தன் காலம். தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். சோழநாட்டுப் பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு ஓர் எழுத்து, சேரநாட்டுப் பக்கத்தில் இருந்து வருகிறவருக்கு இன்னோர் எழுத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இரண்டு பக்கத்து ஆட்களும் போன பாதை அது.

மங்கம்மாள் முதல் கம்பெனி வரை

தெற்கே வந்தால் மங்கம்மாள் சாலை. மதுரையை 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாள், கன்னியாகுமரி நோக்கிப் போட்ட சாலை என்று இன்றும் பெயர் சொல்லி நிற்கிறது. நிழலுக்கு மரம், தாகத்துக்குக் கிணறு, தங்குவதற்குச் சத்திரம். தலைச்சுமையோடு நடப்பவர்களுக்காகச் சுமைதாங்கிக் கல்லும் அந்தக் காலச் சாலைகளில் இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலையில் இருக்கும் மூட்டையை யாருடைய உதவியும் இல்லாமல் அதன் மேல் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாத பாரத்தோடு போய்விட்டவளின் பெயரில், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பாரத்தை இறக்கி வைத்தார்கள். தூரம் சொல்லாத கல்தான். ஆனாலும் நடந்து போனவர்கள் அதைத்தான் முதலில் தேடியிருப்பார்கள்.

பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து மதுரை சாலையில் போகும்போது, குறுக்குச்சாலை என்று ஓர் ஊர் வரும். அங்கே பிரிந்து ஓட்டப்பிடாரம் பக்கம் போனால் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையையும் 1801-ல் தரைமட்டமாக்கினார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற ஊர்ப் பெயரே அரசாங்க ஆவணங்களில் இருக்கக் கூடாது என்று நீக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். சாலையோரக் கற்களில் ஊர்ப் பெயர்களை அக்கறையாக வெட்டியவர்களும், ஓர் ஊரின் பெயரை வேரோடு பிடுங்கப் பார்த்தவர்களும் ஒரே ஆட்சிக்காரர்கள்தான்.

பட்டாளம் போன தடத்தில் பருத்தி வந்தது. எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் மண்ணில் விளைந்த பஞ்சு, பொதி பொதியாக மாட்டு வண்டிகளில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இறங்கியது. கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். வெயிலில் வெடித்துக் கிடக்கும். நல்ல மழை பெய்தால் களியாகி, வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கும். சரளை போட்டு இறுக்கிய சாலை இல்லாமல் அந்த மண்ணில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுவது நடக்காத காரியம்.

இரவில் பூட்டிய வண்டிகள். அச்சில் தொங்கும் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். வண்டிக்காரர் பாதித் தூக்கத்தில் இருப்பார். மாட்டுக்கு வழி தெரியும். அந்த வெளிச்சம் ஒரு கணம் பட்டு விலகும் இடத்தில் மைல்கல். கூலிக்கும் தங்கலுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் எல்லாவற்றுக்கும் மைல்தான் கணக்கு. மைலுக்கு எட்டு பர்லாங். 'ரெண்டு பர்லாங்கு நடந்தா டீக்கடை வந்துரும்' என்று வழி சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

1876-ல் மணியாச்சியில் இருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மெல்ல மெல்லப் பஞ்சுப் பொதிகள் வண்டியிலிருந்து இறங்கி ரயிலேறின. 1956-ல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மைல் போய், சாலைகளில் கிலோமீட்டர் கற்கள் வந்தன. பழைய கல்லில் இருந்த எண் அதன் பிறகு யாருக்கும் உதவாத எண்.

தூரமே நகர்ந்துபோன ஊர்

தூத்துக்குடிக்கு வருகிறவர்கள் பனிமய மாதா கோயில், முயல் தீவு, துறைமுகக் கடற்கரை என்று சுற்றிவிட்டு, மக்ரூன் டப்பாவோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரைநாள் கையில் இருந்தால் ஏரல் பக்கம் போய்விட்டு வரலாம். அங்கேதான் கொற்கை இருக்கிறது.

பெரிப்ளஸ் சொன்ன கொற்கை. தாலமி 'கொல்கோய்' என்று எழுதிய கொற்கை. பாண்டியரின் பெருந்துறைமுகம். போய் இறங்கினால் வாழைத்தோட்டம், வயல், குளம், அமைதியான ஒரு கிராமம். கடல் எங்கே? கிழக்கே சுமார் 7 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டாண்டு காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், துறைமுகத்தைத் தூர்த்து, கடலைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகம் ஆனது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து வியந்தது அந்தக் காயலைப் பார்த்துத்தான். அதுவும் தூர்ந்தது. அதற்குப் பிறகுதான் தூத்துக்குடி தலையெடுத்தது. 1870-களில் கால்டுவெல் இந்த இரண்டு ஊர்களிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இந்தக் கதையை எழுதிவைத்தார். 1968-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையும், 2021-ல் மீண்டும் அதே துறையும் கொற்கையில் குழி வெட்டின. முதல் அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணித்தார்கள்.

ஊரில் ஈராயிரம் ஆண்டு வயது என்று மக்கள் சொல்லும் ஒரு வன்னிமரம் நிற்கிறது. வயதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதன் அடிமரத்தைப் பார்த்தால் வாதாடத் தோன்றாது. வயலோரத்தில் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில். அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். துறைமுகமும் காசும் போன பிறகு பெயர் மட்டும் சாமிக்குத் தங்கிவிட்டது. அந்தக் கோயில் கல்வெட்டில் கொற்கைக்கு 'மதுரோதய நல்லூர்' என்று இன்னொரு பெயர்.

பாண்டியர் காலத்தில் இந்த ஊரில் யாராவது ஒரு தூரக்கல் நட்டு, 'கடலுக்கு இவ்வளவு' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கல் நட்ட இடத்திலேயே இருந்திருக்கும். எண்தான் பொய்யாகியிருக்கும்.

கடலுக்குள்ளும் தூரக் கணக்கு உண்டு. முத்துச்சிப்பி விளையும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். கடலடியில் பாறையும் மணலுமாக இருக்கும் திட்டு. தொலையிரம் பார் போல அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பத்துப் பன்னிரண்டு ஆள் ஆழத்தில் இருக்கும் அந்தப் பாரின் மேலே கொண்டுபோய்ப் படகை நிறுத்த வேண்டும். தண்ணீரில் கல் நட முடியுமா? கரையில் தெரியும் கோபுரம் ஒன்று, அதற்குப் பின்னால் தெரியும் பனைக்கூட்டமோ மேடோ ஒன்று, இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி படகைச் செலுத்துவார்கள். இன்னொரு பக்கத்தில் அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். அப்பன் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்த கணக்கு. தாளிலும் இல்லை, கல்லிலும் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபின் கல் வரும். முத்துக் குளிக்கிறவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சை அடக்கி, அதன் பாரத்தால் சரசரவென்று அடிக்கு இறங்குவார். கூடைக்குள் சிப்பியை அள்ளிப் போட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். 1961-ல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு 1973-ல் இங்கே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், சிப்பியை வளர்த்துச் செயற்கை முறையில் முத்து உருவாக்கிக் காட்டினார்கள். பாரைத் தேடி இறங்குவதற்கு இன்று யாரும் இல்லை. மீன்பிடிப் படகுகளில் ஜிபிஎஸ் கருவி வந்துவிட்டது. அந்தக் கோபுரக் கணக்கு வயதானவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது.

அடுத்த முறை போகும்போது

சாலையை நான்குவழியாக அகலப்படுத்தும்போது முதலில் அடிபடுவது ஓரத்தில் நிற்பவைதான். புளியமரம் போகும், தண்ணீர்ப் பந்தல் போகும், சுமைதாங்கி போகும். முழங்கால் உயரக் கல் ஒன்று ஜேசிபி வாளிக்கு எம்மாத்திரம்? சரளையோடு சரளையாக மண்ணுக்கடியில் போய்விடும். தப்பியவை, புதுச்சாலை விலகிப்போன பழைய வளைவுகளில் இருக்கின்றன. ஊருக்குள் நுழையும் பழைய ரோட்டில், மூடிக்கிடக்கும் பாலத்தின் அருகில், டீக்கடை பெஞ்சுக்கு முட்டுக்கொடுத்தபடி, வேலிக்கருவை மறைவில். சில கற்களுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருப்பார்கள். அப்படிச் சாமியாகிவிட்ட கல்தான் பிழைத்தது.

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் எப்போதும்வென்றானிலோ எட்டயபுரத்திலோ பைபாஸை விட்டு இறங்கி, பழைய சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எட்டயபுரத்தில் எப்படியும் பாரதி பிறந்த வீட்டுக்காக இறங்க வேண்டியிருக்கும். சாலையோரத்தில் பழைய கல் ஏதாவது கண்ணில் பட்டால், தண்ணீர் ஊற்றிக் கையால் துடைத்தால் போதும். சாக்பீஸோ பெயின்ட்டோ வேண்டாம், கம்பியால் சுரண்டவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே எழுந்து வரும். இடத்தோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். கல்லை மட்டும் வண்டியில் ஏற்றாதீர்கள். இடத்தைவிட்டு எடுத்த மைல்கல்லில் தூரம் இருக்காது.

ஆயுத பூஜை அன்று இந்தப் பக்கம் வந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கலாம். சாலைப் பணியாளர்கள் கிலோமீட்டர் கல் ஒன்றைக் கழுவி, புதுச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மண்வெட்டியையும் கடப்பாரையையும் அதன் காலடியில் சாத்தியிருப்பார்கள். பொரி, கடலை, ஒரு சூடம். லாரிகள் ஹாரன் அடித்தபடி கடந்து போகும். கல்லில் கறுப்புப் பெயின்ட்டில் புதிதாக எழுதிய எண், ஈரம் காயாமல் மினுங்கிக்கொண்டிருக்கும்.